ஆபிரிக்கக் குளிருக்கு ஆலங்குடாவில் ஒத்திகை

பிள்ளைகளே, எதற்கும் முன்கூட்டியே ஆயத்தமாகிற மனிதர்களைக் கண்டால் எனக்குப் பயம். நானும் அந்த வகை என்பதால்தான் பயம். மழை வரும் என்று ரேடியோவில் சொன்னால் கட்டில் கால்களுக்குக் கல் வைத்து உயர்த்துகிறவன் நான். (வெள்ளம் வரவில்லை. உங்கள் அம்மா உயரம் தெரியாமல் இறங்கி விழுந்ததுதான் மிச்சம்.) நான் ஆபிரிக்காவுக்கு ஊழியத்துக்குப் போக ஆயத்தமான கதையை ரியாஸ் நானாவின் வாயால் துண்டு துண்டாகக் கேட்டிருப்பீர்கள். அவர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மிளகாய்த்தூள் கூட்டித்தான் சொல்லுவார். அதனால் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன்.

அப்போது நாட்டில் உள்நாட்டுச் சண்டை முடிந்து கொஞ்சக் காலம். புத்தளத்துக்குப் பக்கத்தில், ஆலங்குடாவில் எங்கள் சிறிய சபையின் பின் அறையில், கடற்தொழில் செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் ஊருக்கெல்லாம் நான் ‘மாஸ்டர்’. பட்டமும் இல்லை, பயிற்சியும் இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதுகிற ஏ.எல். பரீட்சையில் இரண்டு முறை விழுந்திருந்தேன். இந்த நிலையில்தான் எங்கள் போதகர், லெசோத்தோ என்ற மலைநாட்டில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம் இருக்கிறது, சின்ன வகுப்புகளுக்குக் கணக்குப் படிப்பிக்க ஆள் தேடுகிறார்கள், குடும்பமாகவே போகலாம் என்று சொன்னார். ஆண்டவர் என்னை ஏன் இரண்டு முறை விழுத்தினார் என்பது எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது.

உங்கள் அம்மாவும் நானும் கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவவுக்கு என்னைவிட ஆசை. இருவரும் ஜெபித்தோம். இரவுச் சாப்பாட்டின்போது இங்கிலீஷில் மட்டும் கதைப்பது என்று தீர்மானித்தோம். (அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் பேச்சே இல்லை.)

முடிவு ஹில்டா மிஸ் கையில் இருந்தது. அவ வெள்ளைக்கார அம்மா. அந்த மலைப் பள்ளிக்கூடத்தில் பல வருடம் படிப்பித்தவ. ஒரு சனிக்கிழமை கொழும்பிலிருந்து வந்து, நான் படிப்பிக்கிறதைப் பார்த்து, என்னை அனுப்புவதா இல்லையா என்று சொல்லுவா. அதற்கு முதல் நாள், அவவைக் கூட்டிவரக் கொழும்புக்குப் போயிருந்த போதகர் போன் எடுத்தார்.

“மாஸ்டர், படிப்பிக்கிறதைப் பற்றிப் பயப்படாதீங்க. அவ ஒண்டுதான் கட்டாயம் கேப்பா. குளிர் தாங்குவீங்களா எண்டு. முந்திப் போன ரெண்டு பேரும் குளிர் தாங்க ஏலாம ஒரு மாசத்தில ஓடி வந்திட்டாங்க. ஓம் எண்டு சொல்லுங்க, காணும்.”

சொல்லிவிடலாம். ஆனால் உண்மை தெரியாமல் எப்படிச் சொல்வது? ஊழியத்தின் முதல் வார்த்தையே பொய்யாக இருக்கலாமா? அதுவரை என் வாழ்நாளில் நான் கண்ட பெரிய குளிர், புத்தளத்தில் ஒரு வங்கிக்குள் வரிசையில் நின்றதுதான். அதற்கே தும்மியிருக்கிறேன்.

ரியாஸ் நானாவிடம் என் கவலையைச் சொன்னேன். கரையில் மீன் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிற அவர் எங்கள் பக்கத்து வீடு. “ஆபிரிக்காவில குளிரா?” என்று சிரித்தார். அங்கே மலையில் பனி கொட்டும் என்று தேசப்படத்தில் காட்டினேன். அந்தப் படம் பழசு, இப்போது எல்லாம் உருகியிருக்கும் என்றார்.

அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அவருடைய கூலர் லொறி என் கண்ணில் பட்டது. மீன் பழுதாகாமல் கொண்டுபோக, பின்பக்கம் முழுவதும் இரும்புப் பெட்டியாக, குளிரூட்டி பூட்டிய லொறி. ஆலங்குடாவில் லெசோத்தோ இருப்பது அந்த ஒரு இடத்தில்தான்.

கோட்டும் கையில் இருந்தது. வென்னப்புவப் பக்கம் இருந்து இத்தாலிக்குப் போய் வந்த ஒரு நண்பர் கொடுத்த, முழங்கால் வரை தொங்குகிற கறுப்புக் கம்பளிக் கோட்டு. சனிக்கிழமை காலை அதைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டபோது உங்கள் அம்மா வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தா.

“கால ரெண்டையும் ஐஸ் தண்ணி வாளிக்குள்ள வச்சுப் பாத்தாக் காணாதா?”

“அது காலுக்கு மட்டும்தானே குளிரும்.”

“தலைக்குத்தான் குளிர வேணும், உங்களுக்கு.”

தேத்தண்ணி ஆறுவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

லொறியில் பாரை மீன் பெட்டிகள் ஏற்றி முடிந்திருந்தன. ரியாஸ் நானா என்னை உள்ளே ஏற்றி, பத்து நிமிடத்தில் தட்டும்படி சொல்லி, கதவை வெளியே கொளுவினார். அதே நேரம் கரையில் கணவாய் மீன் விலையில் ஒரு சண்டை தொடங்கியது. ரியாஸ் நானா இல்லாமல் கரையில் சண்டை நடந்தால் அது அவருக்கு அவமானம். ஓடினார். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்த டிரைவர் பைசால் (ரியாஸ் நானாவின் மச்சினன்) கதவு கொளுவியிருப்பதைக் கண்டு, வேலை முடிந்தது என்று லொறியை எடுத்துவிட்டான். சண்டை முடித்து வந்த ரியாஸ் நானா, நான் முதலே இறங்கி வீட்டுக்குப் போயிருப்பேன் என்று நினைத்தார். நான் ரியாஸ் நானாவோடு கதைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று வீட்டில் நினைத்தார்கள். என்னைத் தேட உலகத்தில் ஒருவரும் இல்லை.

முதல் ஐந்து நிமிடம், உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகத்தான் இருந்தது. ‘இவ்வளவுதானா குளிர்’ என்று எண்ணினேன். பிறகு காது போனது. அதற்குப் பிறகு மூக்கு. லொறி ஓடத் தொடங்கியதும் பலம் கொண்ட மட்டும் தட்டினேன். பைசால் அந்த வாரம்தான் லொறிக்குப் புதுப் பாட்டுச் செட் பூட்டியிருந்தான். நான் தட்டத் தட்ட அவன் சத்தத்தைக் கூட்டினான். தாளம் நன்றாக விழுகிறது என்று நினைத்தானாம்.

பாலாவிச் சந்தியில் காப்பாற்றப்படுவேன் என்று நம்பினேன். சண்டைக் காலமென்றால் ஆமிக்காரர் மறித்து, கதவைத் திறந்து, ஒவ்வொரு மீனாகப் பார்த்திருப்பார்கள். இப்போது சமாதானம். லொறி வேகம்கூடக் குறைக்காமல் திரும்பியது. நாட்டில் சமாதானம் வர வேண்டும் என்று வருடக்கணக்காக ஜெபித்தவன் நான். அன்றைக்கு ஒருநாள் மட்டும் ஒரு சோதனைச் சாவடிக்காக ஏங்கினேன்.

வேதத்தில் வருகிற யோனாவை நினைத்துக்கொண்டேன். அவர் மீனுக்குள் இருந்தார், நான் மீன்களுக்கு நடுவில் இருந்தேன். ஆனால் அவர் ஊழியத்துக்குப் போகமாட்டேன் என்று ஓடியவர். போகிறேன் என்று சொன்னவனுக்கு ஏன் இந்தத் தண்டனை என்று ஆண்டவரிடம் கேட்டேன். பல் கிடுகிடுவென்று அடித்தது. அதை அடக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி பாடுவது. எங்கள் சபைக் கீர்த்தனைகளை ஒவ்வொன்றாகப் பாடத் தொடங்கினேன்.

மதுரங்குளியில் பைசால் பாட்டை நிறுத்தி, ஒரு சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் லொறியை நிற்பாட்டினான். பிறகு நடந்ததை அந்தக் கடை முதலாளியே எனக்குச் சொன்னார். அவர் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்திவிட்டு லொறியைப் பார்த்தாராம்.

“தம்பி பைசால், ஒங்கட மீன் பாடுது.”

“செட்ட நான் ஓஃப் பண்ணிட்டனே, முதலாளி.”

“செட்டு இல்ல. மீன்தான். வேதக்காரப் பாட்டு.”

கதவைத் திறந்தபோது கடையில் இருந்த அத்தனை பேரும் கையில் பராட்டாவோடு வந்து நின்றார்கள். முழங்கால் வரை கறுப்புக் கோட்டு, மீசையில் வெள்ளைத் துகள், மடியில் ஒரு பாரை மீன். (அது எப்படி மடிக்கு வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.) பைசால் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான். “மாஸ்டர்… மவுத்தாகிட்டியளா?” என்று, நான் செத்துவிட்டேனா என்பதை என்னிடமே கேட்டான். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அந்தக் கூட்டத்தின் பின்வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாவும் பக்கத்தில் எங்கள் போதகரும் நின்றதை அப்போதுதான் கண்டேன். கொழும்பிலிருந்து வருகிற வழியில் தேத்தண்ணிக்கு இறங்கியிருக்கிறார்கள்.

இந்த மனிதரை உங்களுக்குத் தெரியுமா என்று மிஸ் போதகரிடம் கேட்டா. போதகர் கொஞ்சம் யோசித்தார். வேதத்தில் ஒரு சீஷன் தன் ஆண்டவரைத் தெரியாது என்று சொன்னபோது கூவியது போல, எங்கேயும் சேவல் கூவுகிறதா என்று நான் காது கொடுத்தேன். நல்ல மனிதர், கடைசியில் ஒத்துக்கொண்டார்.

என்னை வெயிலில் ஒரு கதிரையில் இருத்தி, பிளேன்டீ தந்தார்கள். கோப்பை என் கையில் ஆடி முக்கால்வாசி கோட்டுக்குப் போனது. மிஸ் முன்னால் உட்கார்ந்து, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டா. போதகர் மொழிபெயர்க்க, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்த பிறகு, அவ அந்தக் கேள்வியைக் கேட்டா.

குளிர் தாங்குவீர்களா?

ஓம் என்று சொல்லும்படி போதகர் எனக்கு மட்டும் தெரியத் தலையை ஆட்டினார். உங்கள் அம்மா வீட்டில் புதுச் சீலை உடுத்திக்கொண்டு காத்திருப்பது என் கண்ணுக்குள் வந்தது. எங்கள் இருவரின் பயணமும் அந்த ஒரு சொல்லில் தொங்கியது. ஆனால் சரியான பதிலை இப்போதுதானே படித்துவிட்டு வந்திருக்கிறேன்?

“நோ மிஸ்,” என்றேன். “ஏலாது. கொஞ்சமும் ஏலாது.”

போதகர் கண்ணை மூடிக்கொண்டார். மிஸ் சிரித்தா. நிறுத்த முடியாமல், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தா. பிறகு சொன்னதைப் போதகர் மெதுவாக மொழிபெயர்த்தார்.

“முந்திப் போன ரெண்டு பேரும் தாங்குவம் எண்டு சொன்னவையாம், மாஸ்டர். அதால ஒரு போர்வையும் கொண்டு போகேல்லையாம். தனக்கும் கடைசி வரைக்கும் தாங்க ஏலாதாம். அங்க ஆரும் குளிரைத் தாங்குறேல்லையாம், அடுப்பை மூட்டிக்கொண்டு படிப்பிக்கிறதாம்.”

அவர்களுடைய வேனிலேயே ஆலங்குடாவுக்குத் திரும்பினோம், எல்லா யன்னலையும் திறந்துகொண்டு. மிஸ் முன் ஆசனத்தில் மூக்கைக் கைலேஞ்சியால் பொத்தியபடி வந்தா. அன்று நான் பின்னம் படிப்பித்தேன். வகுப்பில் பிள்ளைகளைவிடப் பூனைகள் கவனமாக இருந்தன. உங்கள் அம்மா வாசலில் நின்று என்னை மோந்து பார்த்துவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியைக் கையில் தந்தா.

அப்படியும் மிஸ் ஓம் என்றா. போனோம், பிள்ளைகளே. நிறையப் போர்வைகளோடு போனோம். மூன்று வருடம் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கணக்குப் படிப்பித்தேன். மூத்தவன் பிறந்ததும் அந்த மலையில்தான்.

ஊருக்குத் திரும்பி வந்த மறுநாள் காலை மீன் வாங்கக் கரைக்குப் போனேன். பைசால் லொறியை எடுக்கப் போகிற நேரம். நான் பின்னால் நிற்பதை அவன் காணவில்லை. பின்பக்கம் போய்க் கதவைத் திறந்தான், இருட்டுக்குள் தலையை விட்டான், “மாஸ்டர், உள்ளுக்கா இரிக்கிய?” என்று கேட்டான், கொஞ்சம் பொறுத்தான். கரையில் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. நான் கடல் தாண்டி இருந்த மூன்று வருடமும், ஒவ்வொரு காலையும் அவன் இப்படிக் கேட்டுவிட்டுத்தான் லொறியை எடுத்திருக்கிறான்.

“இல்ல தம்பி,” என்றேன் அவனுக்குப் பின்னால் நின்று. “வெளியதான் நிக்கிறன். நீ போ.”