பன்னிரண்டாயிரம் ரூபாய்த் தவக்காலம்

ராயபுரம்,
மே 16, வெள்ளிக்கிழமை.

மதிப்பும் மரியாதையும் மிகுந்த பெரிய மச்சான் லூர்து அவர்களுக்கு, தங்கள் தங்கை எல்சியின் கணவன் அம்புரோஸ் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளாலும் அந்தோணியார் தயவாலும் இங்கே நானும் மகள் கிறிஸ்டினாவும் உயிரோடு இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே எர்ணாவூர்ப் புகையிலும் தாங்களும் குடும்பத்தாரும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். உங்கள் போனில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள், எல்சியோ மணி அடித்தாலும் எடுப்பதில்லை. அதனால் ஷேர் ஆட்டோ மொஹ்சின் பாயிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவருக்குக் காசு கொடுத்தாகிவிட்டது, நீங்கள் எதுவும் தர வேண்டாம்.

எல்சி உங்களிடம் என்னென்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் பொய் சொல்கிறவள் இல்லை, ஆகையால் அதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். நான் குடிக்கிறவன் என்பதும் உங்களுக்குப் புதிதில்லை. பெண் கேட்டு வந்த அன்றே உங்களுக்கு வாடை அடித்தது, பெரிய மனது பண்ணி இருமல் மருந்து போலிருக்கிறது என்றீர்கள். இருபத்தெட்டு வருஷமாகக் கண்டெய்னர் யார்டில் வெயிலில் நின்று வருகிற பெட்டியையும் போகிற பெட்டியையும் எண்ணி எழுதுகிறேன், ஒரு பெட்டி விட்டுப்போனது கிடையாது. சாயங்காலமானால் கால் இரண்டும் கழன்று விழுந்துவிடும் போல இருக்கும். அந்தக் காலுக்காக ஆரம்பித்ததுதான். இப்போது கால் வலிக்காத நாளிலும் வாய் கேட்கிறது. ஆனால் தவக்காலம் வந்துவிட்டால் நாற்பது நாள் தொடமாட்டேன், மச்சான். சாம்பல் புதன் அன்று ஃபாதர் நெற்றியில் சாம்பல் பூசியதோடு சரி, ஈஸ்டர் வரைக்கும் கடை இருக்கும் தெருப்பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கமாட்டேன். எங்கள் தெரு அன்பியத்தில் சேர்ந்து ஜெபிக்கிற ஆம்பிளைகளில் பாதிப் பேர் அப்படித்தான். ஈஸ்டர் அன்று மதியத்துக்குள் நாற்பது நாளையும் எட்டிப் பிடித்துவிடுவோம், அது வேறு விஷயம்.

இப்போது நடந்த கூத்துக்கு வருகிறேன். தவக்காலம் தொடங்கும்போது கோவிலில் வீட்டுக்கு ஒரு அட்டை உண்டியல் தருவார்கள், உங்கள் பங்குக் கோவிலிலும் தருவார்கள். எதை விடுகிறோமோ அதற்கு ஆகிற காசை அதில் போட்டு ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். நான் வருஷா வருஷம் கையில் கிடைக்கிற சில்லறையைப் போட்டு, சத்தம் வருகிறதா என்று ஆட்டிப் பார்த்துக் கொடுத்துவிடுவேன். இந்த வருஷம் புதுசாக வந்திருக்கிற ஃபாதர், தெற்கத்திக்காரர், சின்ன வயசு, பிரசங்கத்தில் ஒரு போடு போட்டார். “விட்ட பொருளின் விலையை ஒரு பைசா குறையாமல் போடுங்கள், ஆண்டவரிடம் கஞ்சத்தனம் வேண்டாம்” என்றார். அது எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது. வெளியே வந்தால், எங்கள் அன்பியத் தலைவர் ஞானம் அண்ணன், தினமும் என்கூடவே உட்கார்ந்து ஊற்றிக்கொள்கிறவர், பத்துப் பேர் நடுவில் என்னைப் பார்த்து, “இன்னா அம்புரோசு, உன் உண்டியல தூக்குனா வெறும் காத்துதான் கீதுன்றாங்களே” என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. குவார்ட்டர், அதற்கு மேலே கடைக்காரன் கேட்கிற பத்து ரூபாய், தண்ணீர், கிளாஸ், தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் வறுத்த நெத்திலி என்று மனதுக்குள் கூட்டி, தினமும் முந்நூறு ரூபாயை எடுத்து உண்டியலில் போட ஆரம்பித்தேன். நாலாவது வாரம் அது பிதுங்கிப் போய் இன்னொன்று வாங்கினேன். இதில் சூது வாது எதுவும் கிடையாது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே ஒழுங்கான காரியம் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டர் கழிந்த அடுத்த ஞாயிறு காலைப் பூசையில் ஃபாதர் அறிவிப்பு வாசித்தார். பங்கு முழுக்கச் சேர்ந்த தொகை நாற்பத்து மூவாயிரமாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “இதில் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஒரே ஒரு வீட்டிலிருந்து வந்திருக்கிறது. நாற்பது நாளும் நாளொன்றுக்கு முந்நூறு ரூபாயைத் தியாகம் செய்த அந்தச் சகோதரர் அம்புரோஸ் எழுந்து நிற்கட்டும்” என்றார். எழுந்து நின்றேன். அவருக்கு நான் எதை விட்டேன் என்று தெரியாது, பாவம். மற்ற எல்லோருக்கும் தெரியும். ஆண்கள் பக்கம் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. பெண்கள் பக்கம் எல்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மடியில் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். பூசை முடிந்ததும் ஃபாதர் என் கையைப் பிடித்து, “என்ன விட்டீங்க, மாட்டுக்கறியா?” என்றார். “இல்ல ஃபாதர், கொஞ்சம் தண்ணியா இருக்கிற அயிட்டம்” என்றேன். “மோரா?” என்றார் அந்த வெள்ளை மனசுக்காரர்.

அன்று சாயங்காலத்துக்குள் பங்கில் பாதி வீட்டில் சண்டை. ஞானம் அண்ணன் உண்டியலில் இருந்தது நானூறு ரூபாய். “கூட குந்திகினு குடிக்கிறவரு பன்னெண்டாயிரம் போட்டா உன்து இன்னா நானூறு? மிச்சம் எங்க?” என்று அவர் வீட்டில் பிடித்துக்கொண்டார்கள். அவர் தெருவில் என்னை நிறுத்தி, “சாமிகிட்டகூட பேரம் பேசத் தெரியாதாடா உனக்கு? எல்லாரையும் பேஜாரு பண்ணிட்டியே” என்று கத்தினார். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் சீட்டு பிடிக்கிற ரேகா வாசலில் நிற்கிறாள். மூன்று மாதமாக அவளுக்கு நான் சீட்டுப் பணம் கட்டவில்லை. “சாமிக்கு கட்டுற, எனுக்கு கட்ட மாட்டியா? நான் இன்னா பாவம் பண்ணேன் அண்ணாத்தே?” என்றாள்.

எல்சி மட்டும் சண்டை போடவில்லை. அதுதான் மச்சான் எனக்குப் பயம். ராத்திரி சோறு போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “எங்கையில நூறு ரூபான்னுதான சொன்ன?” என்றாள். ஆமாம், தினமும் குடிக்கு ஆவது நூறு என்றுதான் அவளிடம் சொல்லிவந்தேன். சம்பளத்தில் மீதி எங்கே என்றால் யார்டில் பிடித்தம் என்பேன், அவளும் பாவம் அந்த முதலாளியைத் திட்டிக்கொண்டு காசிமேட்டுக்கு இறால் உரிக்கப் போவாள். “காலைல நாலு மணிக்குப் போயி ஐஸுல கைய வச்சினு உரிச்சினு கீறேன். நெகமெல்லாம் போச்சு. எனுக்கு ஒரு நாளைக்கு எவ்ளோ குடுக்கறான் தெரியுமா? முந்நூறு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஒரு பையில் ரெண்டு புடவையை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் அழுதேன் மச்சான், வெட்கமில்லாமல் எழுதுகிறேன், சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு கிறிஸ்டினா போனை எடுத்து, இத்தனை வருஷமும் நான் குடித்ததற்குக் கணக்குப் போட்டாள். பெண் நியாயமானவள், பழைய வருஷத்துக்குப் பழைய விலையாகவே போட்டாள். நான் எனக்கு டைபாய்டு வந்த மாதத்தைக் கழிக்கச் சொன்னேன், கழித்தாள். வெள்ளம் வந்த வாரத்தைக் கழிக்கச் சொன்னேன், கழித்தாள். கொரோனாவில் கடையே இல்லையே என்று உற்சாகமாகச் சொன்னேன். “அப்ப பிளாக்ல எவ்ளோ குடுத்து வாங்கினப்பா?” என்று கேட்டாள், கழித்ததெல்லாம் அதிலேயே திரும்பி வந்துவிட்டது. கடைசியில் பதின்மூன்று லட்சத்து அறுபதாயிரம் என்று வந்தது. தொலைத்த போன்களும், வண்டியிலிருந்து விழுந்து கட்டிய பல்லும், திங்கட்கிழமை போகாத வேலையும் இதில் சேர்த்தி இல்லை. கிறிஸ்டினாவின் நர்ஸிங் சீட்டுக்கு நீங்கள் அறுபதாயிரம் கொடுத்தும், மீதிக்கு என்னிடம் ஒரு பைசா இல்லை என்று உங்கள் தோளில் சாய்ந்து அழுதேனே, நினைவிருக்கும். அவள் இப்போது மருந்துக் கடையில் பில் போடுகிறாள். கணக்கைப் பார்த்துவிட்டு அவள் கோபப்படவில்லை. “மூணு தபா நர்ஸ் ஆயிருக்கலாம்பா” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

இன்றோடு பத்தொன்பது நாள், மச்சான். ஒரு சொட்டு தொடவில்லை. தவக்காலத்தில் குடிக்காமல் இருப்பது பெரிய காரியமே இல்லை, ஈஸ்டர் என்று ஒரு கரை கண்ணுக்குத் தெரியும். இதற்குக் கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. கை நடுங்குகிறது, அதனால் எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும், பழைய காரணத்தால் அல்ல. நேற்று ரசம் வைத்தேன், கிறிஸ்டினா வாயில் வைத்துவிட்டு டீயா என்று கேட்டாள். கோவில் உபதேசியாரிடம் போய் இன்னொரு உண்டியல் கேட்டேன். “தவக்காலந்தான் முடிஞ்சி பூட்ச்சே” என்றார். எனக்கு முடியவில்லை என்று சொல்லி வாங்கி வந்து, தினமும் அதே முந்நூறை அதில் போட்டு வருகிறேன். பத்தொன்பது நாளுக்கு ஐயாயிரத்து எழுநூறு. பெட்டியை இந்தக் கடிதத்தோடு எல்சிக்குக் கொடுத்தனுப்புகிறேன். அவள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அவள் வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியைத் தன் கையில் வைத்துக்கொண்டால் போதும். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசீர். மாதாவின் கரம் உங்கள் வீட்டைத் தாங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன் என்று இன்னமும் சொல்லிக்கொள்ளும்,
அம்புரோஸ்.

பின்குறிப்பு: ஒட்டிய கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். பெட்டியை எண்ணினால் எட்டாயிரத்து ஐந்நூற்றைம்பது இருக்கும். நான் எண்ணத் தெரியாமல் எழுதவில்லை. முந்நூறு என்பது பொய், மச்சான். நான் நாளொன்றுக்குக் குடித்தது நானூற்றைம்பது. தவக்காலத்தில் நிஜத் தொகையைப் போடக் கை கூசி, தினமும் நூற்றைம்பதைக் குறைத்துக்கொண்டேன். ஃபாதர் என்னை எழுப்பி நிறுத்தியபோதும் வாயைத் திறக்கவில்லை, எல்சி எதிரே உட்கார்ந்து கேட்டபோதும் திறக்கவில்லை, கிறிஸ்டினாவையும் பொய்க் கணக்கையே போட வைத்தேன். இந்தப் பத்தொன்பது நாளும் அந்த நூற்றைம்பது கடைக்கும் போகாமல் உண்டியலுக்கும் போகாமல் தலையணைக்கு அடியில் சேர்ந்துகொண்டே இருந்தது, அதன்மேல் தலையை வைத்துத் தூங்க முடியவில்லை. இப்போது அதையும் உள்ளே போட்டுவிட்டேன். எல்சிக்குப் படித்துக் காட்டுவதாக இருந்தால் மேலே உள்ளதை விட்டுவிட்டு முதலில் இதைப் படியுங்கள். அவள் ஐஸில் கை வைத்து உரித்த ஒன்றரை நாளை நான் ஒவ்வொரு சாயங்காலமும் குடித்திருக்கிறேன். இதைக் கேட்ட பிறகும் வருகிறேன் என்று அவளே சொன்னால் மட்டும் அனுப்புங்கள், நீங்களாக எடுத்துச் சொல்ல வேண்டாம்.