கப்பலில் ஒரு புது மாப்பிள்ளை

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இதை ஒப்புக்கொள்ள நாற்பத்தாறு வயது ஆயிற்று. ஆனால் ஊரில் உள்ள எல்லோர் மேலும் பொறாமைப்படுகிறவன் இல்லை நான். ஒரே ஒருவர் மேல்தான். அவர் என் சகலை குமரவேல், மனைவியின் தங்கை கணவர்.

அவர் ஒலக்கூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்கிறார். நான் திண்டிவனத்தில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கிறேன். விழுப்புரத்து மாமனார் வீட்டுக்கு நான் ஸ்வீட் பாக்ஸோடு போனால் மாமியார் "வாங்க" என்பார். அவர் அரை மூட்டை மல்லாட்டையோடு போனால் "வாங்க, வாங்க, வாங்க" என்பார். (எண்ணிப் பார்த்துட்டேன். மூணு.)

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அவர் கல்யாணத்தின்போது ரிசப்ஷனுக்குக் கோட்டு சூட்டு எடுக்க மாமனார் கூப்பிட்டாராம். "வேட்டியே போதும் மாமா" என்று சொல்லிவிட்டாராம் இவர். அதற்கு மூன்று வருஷம் முன்பு அதே மாமனாரைக் கடை கடையாக ஏறி இறங்க வைத்து, கழுத்துப் பட்டையெல்லாம் கல் பதித்த மெரூன் வெல்வெட் கோட்டு வாங்கிக்கொண்டவன் நான். வேட்டிக் கதையை மாமனார் இன்றும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

போன வருஷம் மாமனாருக்குக் கப்பலில் போகும் ஆசை வந்தது. சென்னையிலிருந்து மூன்று நாள் பயணம், குடும்பத்தோடு. டிக்கெட் போட்டவன் நான் என்பதால் உடை பற்றிய குறிப்பும் என் போனுக்குத்தான் வந்தது. இரண்டாம் நாள் இரவு விருந்துக்கு ஆண்கள் கோட்டு சூட்டில் வர வேண்டும் என்றது முதல் வரி. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அன்றைக்கே சகலை கூப்பிட்டார்.

"அண்ணே, மல்லாட்டை காய வெச்சிக்கினு இருக்கேன். கப்பல் விருந்துக்கு இன்னாண்ணே போட்டுக்கறது? நீங்க துணிக்கடைக்காரரு, சொன்னா சரியா இருக்கும்."

என் நாக்கில் சனி உட்கார்ந்தான்.

"வேட்டி சட்டையே போதும் குமரவேலு. அங்க யாரும் கண்டுக்க மாட்டாங்க."

"அப்பாடா. நான் அதே பேஜாருல இருந்தேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் என் மனைவி மலர் நின்றிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. (அவ ஒண்ணும் சொல்லலன்னாதான் பயப்படணும்னு எனக்கு அப்போ தெரியாது. கல்யாணமாகிப் பதினேழு வருஷம்தானே ஆகியிருந்தது.)

பீரோவிலிருந்து என் கோட்டு வெளியே வந்தது. பாச்சை உருண்டை வாசனை போக இரண்டு நாள் வெயிலில் கிடந்தது. எங்கள் கடை டெய்லர் தையலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்.

"இதுக்கு மேல துணி இல்லீங்க. மூச்சைப் புடிச்சிக்கினா பட்டன் போடலாம்."

மூன்று மணி நேரம் மூச்சைப் பிடிப்பது ஒன்றும் பெரிதில்லை. சகலை வேட்டியில் கூனிக் குறுகி நிற்பதைப் பார்க்க நான் எதையும் தாங்குவேன்.

விருந்து மண்டபத்தில் எல்லோரும் கறுப்புக் கோட்டும் கருநீலக் கோட்டுமாக இருந்தார்கள். விளக்கொளி பட்டு என் கழுத்து மட்டும் மின்னியது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

விருந்தைக் கவனித்துக்கொண்ட மேற்பார்வையாளர், நம்மூர்த் தமிழர், ஓடி வந்து கை கொடுத்தார்.

"வாழ்த்துக்கள் சார். புதுசா கல்யாணம் ஆனவங்களுக்குக் கப்பல்ல கேக் தருவோம். பொண்ணு எங்க சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மலர் நிதானமாகச் சொன்னாள்: "நானும் அதைத்தாங்க தேடிக்கினு இருக்கேன்."

அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, கேக் வந்துவிட்டது. பாட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். மண்டபமே கை தட்டியது. பக்கத்து மேஜை அம்மாள் என் மகனின் தலையைத் தடவி, புது அப்பா நல்லவராகத்தான் தெரிகிறார் என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார். மகன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்துக் கேப்டன் உள்ளே வந்தார். நான் எழுந்து கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய், வெள்ளை வேட்டியில் சாதாரணமாக நின்ற குமரவேலின் கையைப் பிடித்துக்கொண்டார். இன்றைய சபையில் இதுதான் அழகான உடை என்றார். மாமனார் மாமியாரையும் கூப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

குமரவேல் அதோடு விட்டிருக்கலாம். மேற்பார்வையாளரிடம் என்னைக் காட்டி, "எல்லாம் எங்க அண்ணன் யோசனைங்க. அவருதான் வேட்டி கட்டச் சொன்னாரு. கேப்டன்கிட்ட சொல்லுங்க" என்றார். மனதாரத்தான் சொன்னார். நான் கேக் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மலர் என் போனை எடுத்து, உடைக் குறிப்பின் இரண்டாவது வரியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். 'அல்லது அவரவர் பாரம்பரிய உடை' என்றிருந்தது. இதுவரை அந்த வேட்டி யோசனையின் உண்மையை அவள் தங்கை வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு நான் கொடுத்துவரும் விலை தனிக் கதை.

அந்தப் படம் விழுப்புரம் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. முன்னால் கேப்டன், சகலை, மாமனார், மாமியார். பின்னால் கல் பதித்த கோட்டில், மூச்சைப் பிடித்ததில் கண்ணில் நீரும் கையில் கேக் தட்டுமாக, சகலையையே முறைத்துக்கொண்டு நான். வருகிறவர்கள் எல்லாரும் "யாரு அந்தக் கல்யாண மாப்பிள்ளை, ஏன் அழறாரு?" என்று கேட்கிறார்கள்.

ஒரு நன்மையும் நடந்திருக்கிறது. இப்போது நான் போனால் மாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாங்க, வாங்க, வாங்க, புது மாப்பிள்ளை" என்கிறார். மூன்று. என் வாழ்நாள் ஆசை நிறைவேறிவிட்டது.

குமரவேலுக்கு இப்போது நான்கு.