நாற்பத்தோராம் நம்பர் ஆசாமி

மயிலாப்பூர்,
சனிக்கிழமை காலை.

மதிப்புக்குரிய சந்திரமௌலி மாமாவுக்கு சாய்சரண் அநேக நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம், அங்கே மாமியும் நீங்களும் எப்படி என்று ஆரம்பிப்பதுதான் மரியாதை. முதல் பாதி பொய் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு. மறைக்கிறார். அம்மாவுக்குத் தெரியாது. வாட்ஸப்பில் அனுப்பினால் உங்கள் போனை மாமிதான் முதலில் பார்ப்பாள், பேசினால் ஸ்பீக்கரில் போடுவாள், பத்தாவது நிமிஷம் இங்கே அம்மா அழுதுகொண்டிருப்பாள். அதனால்தான் காகிதம். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் அருமைத் தங்கை மஹதி பி.எஸ்ஸி. சைக்காலஜி கடைசி வருஷம் அல்லவா, ஒரு ஆராய்ச்சி செய்கிறாள்: ஐம்பது தாண்டிய ஆண்கள் உடம்புக்கு வந்தால் ஏன் வீட்டில் சொல்வதில்லை. அறுபது பேரிடம் டாப்லெட்டைக் கொடுத்து பதில் வாங்கியிருக்கிறாள். அந்தக் கேள்வித்தாளை டாப்லெட்டில் ஏற்றிக் கொடுத்தது நான். பேர் கிடையாது, போன் நம்பர் கிடையாது, வெறும் வரிசை எண். தலைகீழாக நின்றாலும் யார் எழுதியது என்று கண்டுபிடிக்க முடியாது என்று அவளுடைய பேராசிரியை ரத்னா மேடத்திடம் நானே ஜம்பமாகச் சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம், கணக்குப் போட்டுக் கொடு என்று மஹதி டேட்டாவை என்னிடம் தள்ளினாள். அதில் நாற்பத்தோராம் நம்பர். வயசு ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவில். மாடி ஏறினால் நெஞ்சை அடைக்கிறதா? அடிக்கடி. இடது கையில் வலி? உண்டு. எத்தனை நாளாக? மூன்று மாதம். வீட்டில் சொன்னீர்களா? இல்லை. ஏன்? இதற்கு மட்டும் சொந்தமாக எழுத இடம் விட்டிருந்தோம். பாக்கிப் பேர் 'சும்மா', 'தேவையில்லை' என்று முடித்துவிட்டார்கள். இந்த மனுஷர் மட்டும், 'சொன்னால் முதலில் காபியை நிறுத்துவாள், அப்புறம் அழுவாள்' என்று எழுதியிருக்கிறார். மாமா, இது அப்பா இல்லாமல் வேறு யார்?

நாற்பத்தோராம் நம்பர் யாருன்னு மட்டும் மஹதியைக் கேட்டேன். ஆராய்ச்சியில ஆள் கிடையாது, எண்தான், யாருன்னு தோண்டக் கூடாது, கேள்வித்தாள் முடிவுலேயே டாக்டர் நம்பர் போட்டிருக்குன்னு சொல்லிட்டு காலேஜுக்குக் கிளம்பிட்டா. நான் எப்படி சும்மா இருக்கறது? பரிசுன்னு சொல்லி அப்பா கையில ஒரு ஸ்மார்ட் வாட்சைக் கட்டிவிட்டேன். நாடி ஏறினா என் போன் அலறும். செவ்வாய்க்கிழமை மீட்டிங் நடுவுல அலறித்து. ஓஎம்ஆர் ஆபீஸ்லேர்ந்து பைக்கை விரட்டிண்டு வந்தா, தெருவுல நின்னு தண்ணி லாரிக்காரரோட சண்டை போட்டுண்டிருக்கார், ஜெயிச்சுண்டும் இருக்கார். புதன்கிழமை சமையல்ல உப்பைக் குறைன்னு அம்மாகிட்ட சொன்னேன். காரணம் சொல்ல முடியாம, எனக்கு பிரஷர்னு உளறிட்டேன். அன்னிலேர்ந்து எனக்கு மட்டும் தனியா உப்பில்லாத சாப்பாடு. அப்பா பக்கத்துல உட்கார்ந்து நார்த்தங்காய் ஊறுகாயை நக்கறார். நேத்து காலையில அவர் நாகேஸ்வரராவ் பூங்காவுக்கு வாக்கிங் போனப்போ மரத்துக்கு மரம் ஒளிஞ்சு பின்னாலேயே போனேன். மூணாவது சுத்துல வாசல்கிட்ட டக்னு நின்னார். கை நெஞ்சுக்குப் போச்சு. ஆபீஸ்ல முதலுதவி சொல்லிக் கொடுத்திருக்கா. ஓடிப் போய் அவரைத் தரையில சாய்ச்சு, ரெண்டு கையையும் மார்ல வெச்சு அமுக்க ஆரம்பிச்சுட்டேன். அவர் சட்டைப் பையிலேர்ந்து போனை எடுக்கத்தான் நின்னிருக்கார். வாசல்ல கீரை விக்கற பாஞ்சாலி ஓடி வந்து என் காலரைப் பிடிச்சு இழுத்தா.

"இன்னா நைனா, நல்லா நடந்துக்கினு இருந்த மன்சனப் போட்டு அமுக்கிக்கினு கீற? வுடு, செத்துகித்து பூடப் போறாரு."

அப்பா கீழேர்ந்து மெதுவா, "எழுந்திரு. எல்லாரும் பாக்கறா"ன்னார். அதுக்கப்புறம் என்னோட பேச்சு கிடையாது. அம்மாகிட்ட மட்டும், இவன் அமுக்கினதுல நெஞ்சு வலிக்கறதுன்னு சொல்லியிருக்கார். அது அந்த வலியா, நான் கொடுத்த வலியான்னு பிரிச்சுப் பார்க்க என்கிட்ட எந்த வழியும் இல்லை.

மாமா, எனக்கு பயமா இருக்கு. அவர் குளிக்கப் போனா, தண்ணி விழற சத்தம் கேக்கறவரைக்கும் கதவுக்கு வெளியில நிக்கறேன். சத்தம் நின்னா இன்னும் பயமா இருக்கு. ஆபீஸ்ல ஒரு வரி கோட் எழுத முடியலை. இந்த உலகத்துல அவர் ஒருத்தர் பேச்சைக் கேப்பார்னா அது உங்க பேச்சுதான். துணைக்கு வாங்கோன்னு சொல்லி, அடையார்ல உங்க ஆத்துக்குப் பக்கத்துல இருக்கற இதய டாக்டர்கிட்ட அவரைக் கூட்டிண்டு போங்கோ. உங்களுக்குத்தான் டெஸ்ட் எடுக்கறாப்பல ஒரு நாடகம் போடுங்கோ. நடிப்பு வரலேன்னா பரவாயில்லை, அவர் கவனிக்க மாட்டார். இந்த வாரமே போகணும்.

மாமிக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லவும், லெட்டரைக் காட்ட வேண்டாம். எனக்கு அனுப்பற ஆசீர்வாதத்தை இந்தத் தடவை அப்பா பேருக்கு மாத்தி விடுங்கோ.

இப்படிக்கு, உங்களையே நம்பியிருக்கும்,
சாய்சரண்

பி.கு.: மடிச்சு கவர்ல போடறப்போ மஹதி பிடுங்கிப் படிச்சுட்டா. அந்த அறுபது பேர்ல அப்பா கிடையவே கிடையாதாம். சொந்த ஆத்துல இருக்கறவாளைச் சேர்க்கக் கூடாதுன்னு மேடம் முதல் நாளே சொல்லிட்டாளாம். "அண்ணா, அப்பாவுக்கு ஒண்ணும் இல்லை, உன்னைத்தான் யாராவது பார்க்கணும்"னா. அரை நிமிஷம் நானும் சிரிச்சேன். அப்புறம் டேட்டாவைத் திறந்தேன். பேர், நம்பர் எதையும் வாங்காதவன், பதில் வந்த தேதியை மட்டும் விட்டு வெச்சிருக்கேன். நாற்பத்தோராம் நம்பர் வந்தது போன மாசம் ஒன்பதாம் தேதி, ஞாயித்துக்கிழமை, பன்னண்டே கால். அன்னிக்கு மொத்தமா வந்ததே அந்த ஒரு பதில்தான். அன்னிக்குத்தான் நீங்க அம்மா பிறந்தநாளுக்கு சாப்பிட வந்து, கூடத்துல டாப்லெட்டை மடியில வெச்சுண்டு ஒத்தை விரலால அரை மணி நேரம் தட்டிண்டிருந்தேள். மஹதியைப் பார்த்தேன். ஆமாம்னு சொல்ல மாட்டேங்கறா. இல்லைன்னும் சொல்லலை. அழறா.

இதைத் தபால்ல போடலை. ஆட்டோ வாசல்ல நிக்கறது. உங்க கையில கொடுத்துட்டு எதிரேயே நிப்பேன். இந்த வரிக்கு வந்ததும் மாமியைக் கூப்பிடுங்கோ. நீங்க கூப்பிடலேன்னா நான் கூப்பிடுவேன்.