பார்சல் வண்டிக்காரனுக்கு வந்த முகவரி

முதலில் வம்புக்கு வந்தவன் என் மச்சான். என் மனைவியின் தம்பி, போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் வீட்டில் மதியச் சாப்பாடு. பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். காலில் வந்த கொப்புளத்தைப் படம் பிடித்து, டாக்டருக்கு அனுப்புவதாக நினைத்து நான் குடும்ப குரூப்பில் போட்டுவிட்ட பேச்சு வந்தது. மனிதனுக்குக் கொப்புளம் வருவது ஒரு குற்றமா?

"அத்தான் கையில போனைக் குடுக்கறதும் நடுரோட்டுல வச்சுட்டு வர்றதும் ஒண்ணுதான்" என்றான்.

என்னைத் தவிர பத்துப் பேரும் சிரித்தார்கள். அதில் என் மனைவியும் உண்டு. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

"மன்னிப்புக் கேளு" என்றேன்.

"கேக்கறேன் அத்தான். உங்க லைசென்ஸ் முடியப் போகுதில்ல, அதை யாரு உதவியும் இல்லாம நீங்களே போன்ல புதுப்பிச்சிடுங்க. இதே பதினோரு பேரு முன்னாடி கேக்கறேன்."

அன்றே சபதம் போட்டேன். சபதம் போட்டால் போதாது, செய்யவும் வேண்டும் என்பது கடைசி வாரத்தில்தான் உறைத்தது.

நான் பார்சல் வண்டி ஓட்டுகிறவன். முப்பத்திநாலு வருஷம். ஆபீஸ் மேற்பார்வையாளன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "வெள்ளிக்கிழமை காலைல புதுப்பிச்ச ரசீது மேசைக்கு வரணும்ணே. இல்லேன்னா சாவியை வச்சிடுங்க. உங்க வயசுல திரும்ப எடுக்க மாட்டாங்க."

வியாழக்கிழமை மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். கை கழுவும்போதே போன் சிணுங்கியது. 'உங்கள் ஓட்டுநர் உரிமம் நாளை முடிகிறது. உடனே இங்கே புதுப்பிக்கவும்.' கீழே நீல எழுத்தில் ஒரு முகவரி. என் கஷ்டத்தைப் பார்த்து லைசென்ஸ் ஆபீஸே இறங்கி வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

நான் ஒன்றும் ஏமாளி இல்லை. முகவரியைப் படித்துப் பார்த்தேன். ஆரம்பத்திலேயே லைசென்ஸ் துறையின் பெயர் இருந்தது. தொட்டுத் திறந்தால், மேலே ஒரு பூட்டுப் படமும் இருந்தது. உள்ளறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

பேர் கேட்டது, போட்டேன். பிறந்த தேதி கேட்டது, போட்டேன். பேங்க் கார்டு நம்பர் கேட்டது. பதினாறு எண். போட்டேன். 'உங்கள் போனுக்கு வந்த ஆறு எண்ணை இரண்டு நிமிடத்துக்குள் இடவும்' என்றது. பக்கத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓட ஆரம்பித்தது.

என் போனுக்கு எதுவும் வரவில்லை. முன்னறையிலிருந்து மனைவியின் போன் 'டிங்' என்றது.

பேங்கில் என் கார்டுக்கு அவள் போன் நம்பரைப் பதிய வைத்தவனும் மச்சான்தான். அவன் கணக்கில் இது இரண்டாவது வம்பு.

தாழ்ப்பாளைத் திறந்தேன். அவள் தையல் மிஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். போன் அவள் மடியில்.

"வாசல்ல யாரோ உன்னைக் கூப்பிடறாங்க" என்றேன்.

"யாரு?"

"பக்கத்து வீட்டு அம்மா மாதிரி இருக்கு."

"அவங்க காலையிலயே மக வீட்டுக்குப் போயிட்டாங்களே."

"அப்ப வேற யாராவது இருக்கும். போய்ப் பாரேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். எழுந்தாள். போனையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

ஓடி வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது வினாடி. இருபது. பூஜ்யம். 'நேரம் முடிந்தது. புதிய எண் அனுப்பப்படுகிறது.' வாசலில் மறுபடி 'டிங்'. அவள் யாருடனோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். வாசலில் உண்மையிலேயே யாரோ வந்திருக்கிறார்கள், நான் சொன்ன பொய் பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒன்றரை நிமிடம்தான் பாக்கி. சாவி, வண்டி, மேற்பார்வையாளன், பதினோரு பேர் எல்லாம் கண்ணுக்குள் வந்து போனார்கள். மானத்தை விட்டேன்.

"ஏம்மா, உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். கொஞ்சம் படி."

"என்னத்துக்குங்க?"

"ஆபீஸ் வேலை. கேள்வி கேக்காதே, நேரமில்ல."

அவள் வாசலில் நின்றபடியே, போனைக் காதிலிருந்து எடுக்காமல் சொன்னாள். அதைக்கூட நான் கவனிக்கவில்லை. "எழுதிக்கோங்க. ஒண்ணு, ரெண்டு, பூஜ்யம், ஒன்பது, எட்டு, ஏழு."

போட்டேன். 'தவறான எண்.'

"சரியாப் படிச்சியா?"

"நான் சரியாத்தான் படிச்சேன். நீங்க சரியாப் போட்டீங்களா? நிதானமா போடுங்க."

ஒன்று, இரண்டு, பூஜ்யம், ஒன்பது, எட்டு, ஏழு. தவறான எண். மூன்றாவது முறையும் போட்டேன். பக்கமே மூடிக்கொண்டது.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்திநாலு வருஷம் போச்சு.

அவள் உள்ளே வந்தாள். "ரொம்ப நன்றி சார், கார்டை நிறுத்தியாச்சுன்னு மெசேஜ் வந்திடுச்சு" என்று போனில் சொல்லிவிட்டு வைத்தாள்.

"எந்தக் கார்டு?"

"நீங்க நம்பரைத் தாரை வார்த்தீங்களே, அந்தக் கார்டுதான். எனக்கு வந்த மெசேஜ்ல வண்டி வாங்கற அளவுக்குத் தொகை போட்டிருந்தது. லைசென்ஸ் புதுப்பிக்க யாராவது அவ்வளவு கேப்பாங்களா?"

"அப்பவே என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீங்க கேக்கற ஆளா? மறுபடி தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு வேற கார்டு நம்பரைப் போட்டிருப்பீங்க. பேங்க்காரர் லைன்ல இருங்கன்னாரு. அதுவரைக்கும் உங்க விரலுக்கு ஒரு வேலை வேணுமில்ல."

"அப்ப அந்த ஆறு எண்?"

"நம்ம கல்யாணத் தேதி" என்றாள். "மூணு தடவை போட்டீங்க. ஒரு தடவைகூடத் தெரியல."



பேச்சை மாற்றினேன். "முகவரியைப் பார்த்துத்தான் போனேன். துறையோட பேரு இருந்தது. பூட்டும் இருந்தது."

"திருடன் வீட்டுக்கும் பூட்டு இருக்கும்ங்க. நீங்க ஒரு பார்சலைக் கையில எடுத்தா முதல்ல எதைப் பாப்பீங்க?"

"கடைசி வரியை. ஊரு அதுலதானே இருக்கும். பேரை எவன் வேணா எப்படி வேணா எழுதுவான். பேரைப் பார்த்தா வண்டி எங்க போகும்?"

"அப்ப இந்த முகவரியை மட்டும் எந்தப் பக்கத்துலேருந்து படிச்சீங்க?"

அவள் என் போனை எடுத்து, அந்த மெசேஜைத் திறந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "ஆரம்பத்துல இருக்கற ரெட்டைச் சாய்வுக்கோட்டை விடுங்க. அதுக்கப்புறம் வர்ற முதல் ஒத்தைச் சாய்வுக்கோட்டுல நில்லுங்க. அதுக்கு முன்னாடி கடைசியா என்ன இருக்கு?"

"ஏதோ சீக்கிர சேவைன்னு இருக்கு. புள்ளி. ஷாப்."

"அதான் ஊரு. முன்னாடி இருக்கற துறை பேரெல்லாம் சும்மா மேல எழுதினது. லைசென்ஸ் ஆபீஸ் எப்பங்க கடை திறந்துச்சு?"

முப்பத்திநாலு வருஷத்தில் ஒரு பார்சலைக்கூட நான் தப்பான ஊரில் இறக்கியதில்லை.

பீரோவிலிருந்து பழைய லைசென்ஸோடு வந்த கடிதத்தை எடுத்தாள். அதில் துறையே அச்சடித்திருந்த முகவரியை எழுத்து எழுத்தாக அவள் சொல்ல, நான் அடித்தேன். கடைசியிலிருந்து ஒரு தடவை சரிபார்க்க வைத்தாள். அவள் கார்டில் கட்டணம் கட்டினோம். கால் மணி நேரத்தில் ரசீது வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மேற்பார்வையாளன் அதைப் பார்த்துத் தலையாட்டினான். சாவி என் பையிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் மச்சான் கூப்பிட்டான். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

"என்னக்கா, அத்தான் முடிச்சாரா?"

"முடிச்சுட்டாரு. அவரே தன் கையால அடிச்சாரு."

"தனியாவா?"

"ரூமுக்குள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு."

அதில் ஒரு பொய்யும் இல்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"அப்ப நான் தோத்தேன். ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வரச் சொல்றேன். மன்னிப்புக் கேக்கறேன். அப்புறம் அத்தான் எப்படிப் பண்ணாருன்னு ஆரம்பத்துலேருந்து எல்லாருக்கும் செஞ்சு காட்டட்டும். என் மாமியாரோட லைசென்ஸும் அடுத்த வாரம் முடியுது."

"வர்றோம்னு சொல்லட்டுமா?" என்று மனைவி என்னைப் பார்த்துக் கேட்டாள். வாயைப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது.

மச்சான் எனக்குத் தரவேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி. அவன் வாரா வாரம் கூப்பிடுகிறான். எனக்குத்தான் ஞாயிற்றுக்கிழமையானால் உடம்புக்கு முடியாமல் போய்விடுகிறது.