கூட்டமில்லாத வாரம்

போகாமலே போய்வந்தவர்கள் என்று ஓர் இனம் உண்டு. இவர்களை நீங்கள் விமான நிலையத்தில் பார்க்க முடியாது. ஆபீஸில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில், டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறையில், அடுத்தவர் வீட்டு சோபாவில், யாராவது "இந்த வருஷம் எங்கேயாவது போகலாம்னு இருக்கோம்" என்று சொல்லி முடிப்பதற்குள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிற ஆசாமி ஒருவர் இருப்பார் பாருங்கள், அவர்தான். "எந்த மாசம்?" என்பார். நீங்கள் மாதத்தைச் சொல்வீர்கள். அவர் ஒருமுறை கண்ணை மூடித் திறப்பார். அத்தோடு அந்த மாதம் செத்தது.

நம்முடைய ஆசாமி இப்படிப் போகாமலே போய்வந்த நாடு இத்தாலி. அவருக்கு வேலை ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில், கிளைம் செக்‌ஷனில். எது எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று யோசிப்பதற்கே மாதாமாதம் சம்பளம் வாங்குகிற மனிதர், வீட்டில் சும்மா இருக்கும்போது வேறு எதை யோசிப்பார்? ஆபீஸில் அவருக்கு வைத்திருக்கிற பெயர் கைடு. மனைவி பல் டாக்டர். மூத்தவள் ஐந்து வயதுப் பெண், எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள். இளையவனுக்கு இரண்டு வயது. நன்றாக நடந்து வந்துகொண்டிருக்கும்போதே, என்ன தோன்றுமோ, நடுத்தெருவில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவான்.

ரோமில் எந்தத் தெருவில் கல் பாவியிருக்கிறது, அதில் தள்ளுவண்டியின் சக்கரம் எங்கே மாட்டிக்கொள்ளும், வேனிஸில் பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு என்பதால் அங்கே வண்டியைத் தூக்குவது யார், பீசா கோபுரத்தில் சின்னப் பிள்ளைகளை ஏறவிட மாட்டார்கள் என்பதால் மூத்தவள் முரண்டு பிடிப்பதற்குள் பேச்சை எப்படி மாற்றுவது, சாப்பாட்டுக் கடைகளை ராத்திரி லேசில் திறக்கமாட்டார்கள் என்பதால் இளையவன் பசியில் ஊரைக் கூட்டுவதற்குள் அவன் வாயில் எதைத் திணிப்பது, இதெல்லாம் அவர் கரைத்துக் குடித்த விஷயங்கள். சாயங்காலம் ஆனால் மகளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் ரோமின் தெருப்படத்தைத் திறப்பார். "இப்ப வலது பக்கம் திரும்புறோம். அதோ மஞ்சள் வீடு. அதைத் தாண்டினா ஒரு மருந்துக்கடை வரும், பாரு." மருந்துக்கடை வரும். மகள் வாயைப் பிளந்து அப்பாவைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காக ஒரு மனிதன் எத்தனை மருந்துக்கடையை வேண்டுமானாலும் மனப்பாடம் செய்யலாம், அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை.

ஒத்திகையும் நடந்தது. அவர்கள் குடியிருக்கிற அடுக்குமாடிக்குப் பின்னால் சாலை போடுவதற்காக ஜல்லி கொட்டி அப்படியே விட்டிருந்தார்கள். அதன்மேல் இளையவனை வண்டியில் வைத்துக் கடகடவென்று தள்ளிக்கொண்டு போனார். எதிர்வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், நல்ல ரோடு அந்தப் பக்கம் இருக்கே."

"ரோம்ல ரோடு இப்படித்தான் சார் இருக்கும்."

"ஓஹோ. எப்ப கிளம்புறீங்க?"

அதுதான் யாரும் கேட்கக்கூடாத கேள்வி. கோடையில் போகலாமென்றால் வெயில் மண்டையைப் பிளக்கும். வசந்தத்தில் உலகமே அங்கேதான் நிற்கும். இலையுதிர் காலத்திலோ, கூட்டத்துக்குப் பயந்து கோடையிலும் வசந்தத்திலும் போகாதவர்களெல்லாம் சேர்ந்து வந்து நிற்பார்கள். நவம்பரில் வேனிஸ் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றாலும் நிற்கும். பின்னே எப்போதுதான் போவது? வருஷக்கணக்காகச் சலித்துச் சலித்துக் கடைசியில் ஒரு வாரத்தைக் கண்டுபிடித்தார். புத்தாண்டுக்கு வந்த கூட்டம் வடிந்திருக்கும், வேனிஸ் முகமூடி விழாவுக்கு வருகிற கூட்டம் இன்னும் சேர்ந்திருக்காது. ஆஃப் சீசனுக்குள்ளேயே ஓர் ஆஃப் சீசன். ஈ காக்கை இருக்காது. புதிதாக ஒரு கிரகத்தைக் கண்டுபிடித்தவர்கூட அவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டார்.

மனைவி சொன்னாள்: "அப்ப இந்த வருஷமே போயிடலாம்ங்க. அடுத்த வருஷம் பெரியவ ஒன்னாம் கிளாஸ். நடு வருஷத்துல லீவு தரமாட்டாங்க. அப்புறம் ஸ்கூல் லீவுலதான் போகணும். உங்களுக்குத்தான் கூட்டம்னா ஆகாதே."

பேச்சு அவ்வளவுதான். இந்த வருஷம் விட்டால், இவன் பள்ளிக்கூடம், அவள் பள்ளிக்கூடம் என்று ஆரம்பித்து, பிள்ளைகள் அப்பா அம்மாவோடு வருவதற்கு வெட்கப்படுகிற வயதில்தான் போய் முடியும். அது அவருக்கும் தெரியும். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கல் தெருவில் நடக்கவேண்டும் என்ற ஆசை அவருக்கு நிஜமாகவே உண்டு. அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

கேலி இனிமேல்தான். ஹோட்டல் முடிவாகவில்லை. இரண்டில் வந்து நின்றது. ஒன்றில் லிஃப்ட் இருக்கிறது, பிள்ளைகளைக் குளிப்பாட்டத் தொட்டி இல்லை. இன்னொன்றில் தொட்டி இருக்கிறது, லிஃப்ட் இல்லை. காலையில் லிஃப்ட் பக்கம் சாய்வார், ராத்திரி தொட்டி பக்கம் சாய்வார். இரண்டு ஹோட்டலிலும் தங்கிவிட்டு வந்து திட்டினவர்கள் எழுதியதை மட்டும் தேடித் தேடிப் படிப்பார், புகழ்ந்தவர்களை அவர் நம்புவதில்லை.

இதற்கு நடுவில் இந்த இனத்துக்கே உரிய வியாதியும் அவரை விடவில்லை. கையில் இருக்கிற ரகசியத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. கேஷியர் வந்து, "கைடு சார், குழந்தையோட வெளிநாடு போகணும்" என்று தலையைச் சொறிந்தார். அவருக்கு வாரத்தைச் சொன்னார். அக்கவுன்ட்ஸில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலை பார்க்கிறார்கள், அவர்களுக்கும் சொன்னார். கம்பெனி வக்கீல் கேட்கவேயில்லை, அவரை லிஃப்டில் மடக்கிச் சொன்னார். கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர் அம்மா ஒருநாள் கூப்பிட்டு, "எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றதும் தலைகால் புரியாமல், எந்தக் கடையில் ஐஸ்கிரீம் சாப்பிட வேண்டும் என்பதுவரை ஒப்பித்துவிட்டு வந்தார். எல்லோரிடமும் குரலைத் தாழ்த்தி ஒரே வார்த்தைதான்: "வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா கூட்டம் வந்துடும்."

லிஃப்டா தொட்டியா என்பது முடிவாகாமலே மழைக்காலம் வந்தது. மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் கிளினிக்கில், ஈறில் போட்ட ஊசியில் பல் மரத்துப்போவதற்காக ஒரு நோயாளி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்த நேரத்தில், கையுறையைக் கழற்றிவிட்டு நாலு பேருக்கும் டிக்கெட் எடுத்து ஹோட்டலும் போட்டுவிட்டாள்.

"எந்த ஹோட்டல்?" என்றார் அவர், முகம் வெளுத்து. "லிஃப்டா, தொட்டியா?"

"ரெண்டும் இல்ல. ஜன்னல் இருக்கு."

அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் எழுந்தபோது, தன்னை அறியாமலே சீட்டியடித்துக்கொண்டு ஷேவ் செய்ததற்கு மகள் சாட்சி. ஆபீஸுக்குப் போனதும் நேராக மேனேஜர் அறைக்குப் போய் லீவு கேட்டார்.

"எந்த வாரம்?" என்றார் மேனேஜர் அம்மா. இவர் சொன்னார். அந்த அம்மாள் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார்.

"சார், அந்த வாரம் கேஷியர் இல்ல. அக்கவுன்ட்ஸ்ல ரெண்டு பேரும் இல்ல. வக்கீலும் இல்ல."

"எல்லாரும் எங்க மேடம் போறாங்க?"

"என்ன சார் என்னைக் கேக்குறீங்க. நானும் அந்த வாரம் இல்ல. ஆபீஸைப் பூட்டிட்டா போக முடியும்? ஒரு ஆள் இருக்கணும். நீங்க லீவே கேக்கலையேன்னு உங்களை நம்பித்தான் எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டேன்." கொஞ்சம் யோசித்து, ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒன்று சேர்த்தார். "அதுவுமில்லாம, நீங்கதான் அங்க எல்லாத்தையும் பாத்துட்டீங்களே சார்."

தனக்குத் தானே சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அதைக் குறைந்த செலவில், இவ்வளவு ஆதாரபூர்வமாக, குடும்பத்தோடு செய்தவர்கள் குறைவு.

வீட்டுக்கு வந்தவர் தேதியை மாற்றலாமா என்று இழுத்தார். மாற்றினால் எந்த வாரம்? மற்ற வாரங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொன்று போட்டவர் அவர்தானே. மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நான் பசங்களைக் கூட்டிட்டுப் போறேன்ங்க," என்றாள். "தம்பி துணைக்கு வர்றேன்னான்." சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து இளையவனின் ஸ்வெட்டரை எடுத்து வெகுநேரம் மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நாலு பேராகப் போகவேண்டும் என்றுதான் ஆசை.

தம்பி என்றால் நம் ஆசாமிக்கு மச்சினன். ரோமும் வேனிஸும் ஒரே ஊரின் இரண்டு பஸ் ஸ்டாப் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை. அவனை உட்காரவைத்து மூன்று நாள் பாடம் எடுத்தார். அவன் எல்லாவற்றுக்கும் "சரி மாமா" என்றான். எதையும் காதில் வாங்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம்.

அவர்கள் போனார்கள். இவர் காலியான ஆபீஸில் அடுத்தவர்களின் மேஜைகளுக்கெல்லாம் காவல் இருந்தார். கேஷியரின் போன் அடித்தால் ஓடுவார், பாதி வழியில் வக்கீலின் போன் அடிக்கும். நடுநடுவே மச்சினனைக் கூப்பிட்டு, "இப்ப எங்க நிக்கிறீங்க? மஞ்சள் வீடு தெரியுதா?" என்பார். "இங்க எல்லா வீடும் மஞ்சளாத்தான் மாமா இருக்கு" என்பான் அவன்.

நடுவில் ஒருநாள் மனைவி வீடியோவில் வந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. முன்னாலும் பின்னாலும் தெரு நீளத்துக்குக் கூட்டம்.

"ஈ காக்கை இருக்காதுன்னு சொன்னீங்க. உங்க ஆபீஸே இங்கதாங்க நிக்குது," என்றாள். மேனேஜர் அம்மா இளையவனை இடுப்பில் வைத்திருந்தார். கேஷியர் பின்னாலிருந்து கைகாட்டினார். வக்கீல் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் வழி தவறி, ஒரே தப்பான தெருவுக்கு வந்து, அங்கே ஒருவரையொருவர் கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெரு நம்மவருக்குத் தெரியாது. அப்படி ஒரு தெருவுக்குப் போகவேண்டும் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை.

மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. இடிந்துபோன ஒரு பழைய சுவரைக் காட்டினாள். அதன்மேல் தடித்த சாம்பல் நிறப் பூனை ஒன்று, மழை படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

"அப்பா, நீ வந்தப்பவும் இந்தப் பூனை இங்கதான் இருந்துச்சா?"

அந்த நாட்டைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் கேள்வி முடிவதற்குள் பதில் வைத்திருந்த மனிதர், ஐந்து வயதுப் பிள்ளையின் முன்னால், மேஜைமேல் இருந்த கேஷியரின் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

"நான் அங்க வந்ததே இல்லம்மா," என்றார்.

மகள் நம்பவில்லை. "பொய்," என்றாள். பிறகு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பூனையிடம் போய்விட்டாள். மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். "வெச்சிடாதீங்க," என்று சொல்லிவிட்டு, போனைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுவர் ஓரமாகவே நடந்தாள், அவர் பார்க்கட்டும் என்று.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. சிரித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் போனில் வானிலை பார்க்கிற இடத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் ஊருக்குக் கீழே, நீங்கள் போகாத இன்னோர் ஊரின் பெயர் இருக்கும். அங்கே இன்றைக்கு மழையா வெயிலா என்று பார்க்காமலே சொல்வீர்கள். எப்போது போய் வந்தீர்கள் என்று உங்கள் பிள்ளை இன்னும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.