பி.பி. சிஸ்டர் உடைத்த வளையல்கள்

மந்தைவெளியிலிருந்து பட்டினப்பாக்கம் வரைக்கும் ஒரு வளைகாப்பாவது சண்டை சச்சரவில்லாமல் நடந்து முடிந்ததில்லை என்றால், அதற்கு ஒரே ஓர் ஆள்தான் காரணம். சம்பந்தி வீட்டார் அல்ல, சமையல்காரரும் அல்ல. பி.பி. சிஸ்டர்.

எங்கள் பகுதி சுகாதார நிலையத்து நர்ஸ் அவர். சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்கள் யாருக்கும் தெரியாது. பட்டினப்பாக்கத்து மீனவர் குடும்பம். கழுத்தில் சின்னச் சிலுவை, தோளில் நீலப் பை, பைக்குள் பிரஷர் பார்க்கும் கருவி. ஏரியாவில் எந்தப் பெண் முழுகாமல் இருந்தாலும், அவள் புருஷனுக்குத் தெரிவதற்கு முன்னால் இவர் நோட்டில் ஏறிவிடும்.

அழைத்தால்தான் போக வேண்டும் என்ற நாகரிகமெல்லாம் இவரிடம் கிடையாது. பந்தலுக்குள் நேராக நுழைவார். ஊரே பெண்ணின் முகத்தைப் பார்த்து என்ன களை, என்ன களை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் காலைப் பார்ப்பார். குனிந்து, பட்டுப்புடவையை ஒரு சாண் தூக்கி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்குவார். குழி விழுந்தால் அந்த வீட்டுப் பெரியவர்கள் தொலைந்தார்கள். விழாவிட்டாலும் விடமாட்டார். முழங்கைக்கு மேல் போட்ட தங்க வங்கியை மேலே தள்ளிவிட்டு அந்தக் கறுப்புப் பட்டையைச் சுற்றி, புஸ் புஸ் என்று காற்றடித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். எல்லோர் மனத்தையும் கெடுத்துவிட்டு, பிறகு பந்தியில் உட்கார்ந்து ஐந்து வகைச் சாதத்தையும் இரண்டிரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார் பாருங்கள், எனக்கு அதுதான் ஆறாது.

இது போதாதென்று எங்கள் ஆட்டோ ஸ்டாண்டையும் கெடுத்து வைத்திருந்தார். தாங்காத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, ரத்தப்போக்கு, பிள்ளை அசையாமல் இருப்பது, இதெல்லாம் ஆபத்தின் அடையாளம் என்று அத்தனை டிரைவர்களுக்கும் மனப்பாடம் செய்வித்திருந்தார். அவர்களும் சிரத்தையான மாணவர்கள். என் பெரியம்மா ஒருநாள் கபாலி கோயிலுக்கு ஆட்டோவில் போனாள். கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "புள்ள நல்லா அசையுதாம்மா?" என்று விசாரித்திருக்கிறான். பெரியம்மாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. நடுவழியில் இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தாள். அன்றிலிருந்து பி.பி. சிஸ்டர் என்றாலே அவளுக்கு முகம் சிவந்துவிடும்.

என் விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு தி. நகரில் ஜவுளிக்கடை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நான்கு வருடங்களுக்கு முன் என் மனைவி சுதாவுக்கு ஒன்பதாம் மாதம். வளைகாப்பை வெள்ளிக்கிழமை வைத்தோம். திங்கட்கிழமை செக்கப்புக்குப் போக வேண்டியது. புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்க வேண்டும், பத்திரிகை கொடுக்க வேண்டும், பார்க்கத்தானே போகிறோம், விசேஷம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டோம்.

புதன்கிழமை மத்தியானம். கல்யாணப் பட்டுப் பிரிவில் ஒரு பெரிய குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. நான் அரக்கு நிறப் புடவையை விரித்துத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன். வாசலிலிருந்து குரல் வந்தது.

"இன்னா நைனா, சுதா ஏன் வரல? மூத்திரம் எங்க?"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் புடவையோடு சிலையாக நின்றேன்.

"சிஸ்டர், கஸ்டமர் இருக்காங்க."

"இருக்கட்டுமே. காத்தால புடிச்சத சின்ன பாட்டில்ல எட்தாந்து குடுன்னு எத்தினி தபா சொல்லிக்கீறேன்? உப்பு போதான்னு பாக்க வாணாம்? பத்து நாளாவுது, பிரஷரும் பாக்கல."

வெள்ளிக்கிழமை முடிந்ததும் வருகிறோம் என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைத்தேன். கல்யாணக் குடும்பமும் பின்னாலேயே எழுந்து போய்விட்டது. நியாயமா இது? நீங்களே சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை. மொட்டைமாடியில் பந்தல். சுதா மணையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகத் தலைவலி என்றாள். கண் பட்டிருக்கிறது என்று பெரியம்மா மிளகாய் சுற்றிப் போட்டிருந்தாள். காலையில் கண்ணில் பூச்சி பறக்கிறது என்றாள். தூக்கமில்லை, அதனால்தான் என்றேன் நான். முகம் உப்பியிருந்தது. வந்த பெண்களெல்லாம் பிள்ளைத்தாய்ச்சி பூரித்திருக்கிறாள் என்று கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள்.

வளையல் ஏறவில்லை. சுதாவின் அளவு ரெண்டே கால். அதில்தான் நாலு டஜன் வாங்கி வைத்திருந்தோம். கட்டைவிரல் முட்டியிலேயே நின்றது. ஆளை அனுப்பி ரெண்டரை வாங்கி வரச் சொன்னோம். அதுவும் நின்றது. பெரியம்மா அசரவில்லை.

"சோப்பைக் கொண்டா. பிள்ளைக்குக் கையில நீர் கோத்திருக்கு, அம்புட்டுதான். ஒண்ணும் செய்யாது."

கிண்ணத்தில் சோப்பு நுரை வந்தது. ஆளுக்கொரு வளையலாக, நுரையைத் தடவி, விரல்களைச் சேர்த்து அமுக்கி ஏற்றினார்கள். சுதா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அதைப் போட்டோ எடுத்தேன். ஆமாம், நான்தான் எடுத்தேன்.

ஒரு கையில் பதினொன்று ஏறியிருந்தபோது நீலப் பை மாடிப்படியில் தெரிந்தது. பி.பி. சிஸ்டர் அன்றைக்குக் காலைப் பார்க்கவில்லை. சோப்புக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு சோப்பு?"

பட்டையைச் சுற்றினார். ஒரு தடவை பார்த்தார். வாயைத் திறக்காமல் இன்னொரு தடவை பார்த்தார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நிமிடம்தான்.

"நூத்தி எழுவது கீது. தலை வலிக்குதா கண்ணு?"

சுதா தலையாட்டினாள்.

"மேல்வயிறு?"

அதற்கும் ஆட்டினாள். அது எங்களுக்கே புதுச் செய்தி. விசேஷ நாளில் சொல்ல வேண்டாம் என்று இருந்திருக்கிறாள்.

"நைனா, ஸ்டாண்டுக்கு போனப் போட்டு ஆட்டோ கூப்டு. வலிப்பு வர்ற பிரஷரு இது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

பெரியம்மா குறுக்கே வந்தாள். "நல்ல நேரம் முடிய இன்னும் அரை மணி நேரம் கெடக்கு. ஆரத்தி எடுக்காம பிள்ளைய வெளிய கூட்டிட்டுப் போவப்பிடாது."

"ஆரத்தி எடுக்க ஆளு இருக்கணும்ல?" என்றார் சிஸ்டர். "வளையலக் கயட்டுங்க. வலிப்பு வந்து கைய அட்ச்சிகினா அத்தினியும் உடஞ்சு நரம்புல குத்தும்."

கழற்றப் பார்த்தோம். சோப்புப் போட்டு ஏற்றியது சோப்புப் போட்டாலும் இறங்கவில்லை. சிஸ்டர் ஒரு துண்டை எடுத்தார். சுதாவின் மணிக்கட்டுக்கும் வளையல்களுக்கும் நடுவில் அதன் முனையைச் செருகி, மேலேயும் சுற்றி, பன்னீர்ச் சொம்பின் அடியால் ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்தார். வளைகாப்பில் போட்ட வளையல் பிரசவம் வரை கையில் கிடக்க வேண்டியது. பந்தலில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரியம்மா ஓவென்று அழுதாள். நான் கத்தினேன். நீ யார், உன்னை யார் கூப்பிட்டது, என் பெண்டாட்டி கையில் வளையல் உடைக்க உனக்கு என்ன உரிமை என்று, வயதில் மூத்தவரை ஒருமையில் கத்தினேன்.

"அப்பறமா திட்டு நைனா. இப்ப தூக்கு," என்றார்.

ஆட்டோவில் சுதாவை இடப்பக்கமாகச் சாய்த்துத் தன் மடியில் போட்டுக்கொண்டார். வழியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, ஊசியைத் தயாராக வைக்கச் சொன்னார். சத்தம் கேட்டால் வலிப்பு வரலாம் என்று அவனுக்கும் பாடம் நடத்தியிருந்தார் போல, டிரைவர் ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை. பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டிரெச்சருக்கு மாற்றும்போது சுதாவின் கண்கள் மேலே செருகின. கை இரண்டும் உதறிக்கொண்டு கம்பியில் அடித்தன. வெறும் கைகள். மருந்தோடு ஓடிவந்தார்கள், கதவு மூடிக்கொண்டது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. திருஷ்டி சுற்றினோமே, சோப்புப் போட்டோமே, போட்டோ எடுத்தேனே! தலைவலி என்று வாய்விட்டுச் சொன்ன ஒருத்தியை, பூரித்திருக்கிறாள் என்று மணையில் உட்கார வைத்து அழகு பார்த்தோமே! படித்தவன், பத்து பேருக்கு வேலை கொடுப்பவன், நாள் நட்சத்திரம் பார்த்த எனக்குப் பத்து நிமிடம் பிரஷர் பார்க்க நேரமில்லை. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

மறுநாள் ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தாயும் மகளும் பிழைத்தார்கள்.

ஆறு வாரம் கழித்து பி.பி. சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். கையில் காகிதப் பொட்டலம். ரெண்டே கால் அளவில் ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல். அன்றைக்கு உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நெகிழ்ந்து போனேன். "போட்டுக் காட்டு," என்றார் சுதாவிடம். வளையல்கள் சரசரவென்று இறங்கின. "ம், வீக்கம் போய்ட்ச்சு. இப்ப கைய நீட்டு," என்று பட்டையை எடுத்தார். மன்னிப்பு இன்றுவரை வரவில்லை. நானும் கேட்டுவிட்டேனா என்றால், வாய் வரவில்லை. பெரியம்மா மட்டும் இலை போட்டு ஐந்து வகைச் சாதம் பரிமாறினாள், கேட்காமலே இரண்டிரண்டு தடவை.

போன வருடம் அவரைக் கே.கே. நகருக்கு மாற்றிவிட்டார்கள். எந்தப் புண்ணியவான் போட்ட உத்தரவோ தெரியாது. இப்போது எங்கள் ஏரியாவில் வளைகாப்புகள் அமைதியாக நடக்கின்றன. அந்த அமைதியைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வாரம் கடைக்கு ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்தாள். செருப்பைக் கழற்றினாள், வார் பதிந்த தடம் பாதத்தில் ஆழமாகத் தெரிந்தது. "தலைவலி இருக்காம்மா?" என்று கேட்டேன். அவள் அம்மா என்னை முறைத்தாள். அந்தப் பெண் மெதுவாக, "காலையிலேர்ந்து," என்றாள். அவர்களை உட்கார வைத்துவிட்டுக் கே.கே. நகருக்குப் போன் போட்டேன். இருபது நிமிடத்தில் நீலப் பை உள்ளே நுழைந்தது. காலை அமுக்கினார், பட்டையைச் சுற்றினார்.

"பிரஷர் சரியாத்தான் கீது. செருப்புதான் டைட்டு," என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அசடு வழிந்தேன். "பரவால்ல நைனா, இதுக்கோசரம் கூப்டாம வுட்றாத." பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "மூத்திரமும் பாத்துடலாம். பாட்டில் எங்க?" என்றார்.

கஸ்டமர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் கல்லாவுக்கு ஓடினேன். மேலே சாமி படங்கள், கீழே மூடி போட்ட சின்ன பாட்டில்கள் ஒரு வரிசை. அவர் மாற்றலாகிப் போன அன்றைக்கு நானே கழுவிக் காயவைத்து அங்கே அடுக்கியவை.