நாலு பேருக்கு மேல் ஆகாது

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு அறைக்குள் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், அப்பா, தங்கை பேச்சி, எதிர்வீட்டுப் பதனம். இல்லாதவர்கள்: அம்மா, அவள் அடுப்படியிலிருந்து வந்தவள் என்பதால்; அடுத்த வீட்டுத் தபால்காரர், அவர் ஐந்தாவது ஆள் என்பதால். மின்சாரமும் இல்லை. பதனம் ஃபியூஸ் கட்டையைக் கழற்றி அம்மா கையில் கொடுத்து வாசலில் நிறுத்தியிருந்தார்.

எமனே வந்தாலும் வாசலில் காக்க வைக்கக்கூடிய ஒரே ஆள் திருத்தங்கலில் பதனம்தான். "செருப்பக் கழத்திட்டு, கையக் காலக் கழுவிட்டு உள்ள வாங்க" என்று சொல்வார். அவருக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற வேலை. மருந்து அறைக்குள் நாலு பேருக்கு மேல் கூடாது, இரும்பு கூடாது, தரை ஈரமாக இருக்க வேண்டும். இதெல்லாம் கம்பெனிச் சட்டம். மற்றவர்கள் அதைக் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருவார்கள். பதனம் கையோடு கொண்டுவருவார். பத்திரம் என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சில் பதனம்; எதற்கெடுத்தாலும் "பதனம், பதனம்" என்பதால் வந்த பெயர் அது. நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

தன் கல்யாணத்திலேயே ஓம குண்டத்துக்கு இரண்டு பக்கமும் மணல் வாளி வைத்தவர். ஐயர் நெய் விடும்போதெல்லாம் பெண்ணை ஒரு அடி பின்னால் தள்ளித் தள்ளி, கடைசியில் தாலி கட்டக் கை எட்டவில்லை என்று அப்பா சொல்வார். இன்னொரு முறை விருதுநகரிலிருந்து வருகிற பஸ்ஸில் யாரோ பீடி பற்றவைத்தார்கள் என்று ஆமத்தூரில் இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தே வந்து சேர்ந்தார். ஆனால் அவர் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. கண்ணில் விழுந்த தூசியா, கம்மல் திருகாணியா, தெருவில் நுணுக்கமான வேலை எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். அதனால்தான் எங்கள் ரிக்கார்டு பிளேயருக்கு ஊசி மாற்றவும் அவர் வந்தார்.

அந்த பிளேயர் சாத்தூரில் மைக் செட் வைத்திருந்த என் மச்சான் கொடுத்தது. இருக்கன்குடி ஆடித் திருவிழாவில் புழுதிக்கு நடுவே ஓட்டி ஓட்டி ஊசியை மழுங்கடித்துவிட்டு, "நான் புதுசு வாங்கிட்டேன் மாப்ளே, இத நீ வச்சுக்க" என்று தள்ளிவிட்டார். எனக்கு அது அப்போது தேவையாகவும் இருந்தது. எங்கள் வம்சத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். மெட்ராஸில் ஒரு வேலைக்கு நேர்காணல் வந்திருந்தது. கேள்வி எல்லாம் இங்கிலீஷில். எனக்குப் படிக்கத் தெரியும், எழுதத் தெரியும். பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்கள் பேராசிரியர் இரக்கப்பட்டு, இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கும் ரிக்கார்டு ஒன்றை ஒரு வாரத்துக்குத் தந்தார். கீறல் விழாமல் திரும்பி வர வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

தேய்ந்த ஊசியில் அந்த வெள்ளைக்காரர் ஒவ்வொரு வார்த்தைக்கும் சீறினார். இங்கிலீஷே அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் ஒரு நாள் முழுக்கச் சீறிப் பழகினேன். ஜன்னல் வழியாகக் கேட்ட பதனம்தான் கண்டுபிடித்தார்: "ஏலே, அந்த ஆளுக்கு நெஞ்சுல சளி." அதன்பிறகுதான் ஊசியை உற்றுப் பார்த்தேன். அதற்கு மேல் ஒரு சுற்று ஓட்டினாலும் ரிக்கார்டைக் கீறிவிடும். மதுரைக்குப் போய் மூன்று ரூபாய்க்குப் புது ஊசி வாங்கி வந்தேன். திங்கட்கிழமை இரவு எனக்கு ரயில்.

தீபாவளி சீசன். கம்பெனியில் ஞாயிறும் வேலை. எட்டு மணிக்குச் சங்கு ஊதினால் கேட்டை மூடிவிடுவார்கள். அதன்பிறகு யாரையும் உள்ளே விடமாட்டார்கள். "அஞ்சு நிமிசச் சோலி" என்று ஏழரைக்கு வந்தார் பதனம். தரையில் ஈரச் சாக்கு விரித்தார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். திருப்புளி இரும்பு என்று அதைத் தள்ளிவைத்துவிட்டு, மடியிலிருந்து பித்தளை இடுக்கியை எடுத்தார். பழைய ஊசி வலிக்காமல் வந்தது. புதியதைப் பஞ்சிலிருந்து எடுத்து உயர்த்தினார். கடுகில் பாதி இருக்கும்.

அந்த நேரம் பார்த்து அம்மா வாசலிலிருந்து, "அண்ணாச்சி, காப்பித் தண்ணி போடவா?" என்றாள்.

"அடுப்பப் பத்த வச்சிராத தாயி" என்று பதனம் திரும்பினார். ஊசி விழுந்தது.

மருந்து அறையில் இன்னொரு சட்டமும் உண்டு. தரையில் விழுந்ததை எடுக்கவே கூடாது. ஈர விளக்குமாற்றால் கூட்டி, தண்ணீரில் கரைத்து, குழியில் கொட்டிவிட வேண்டும். பதினெட்டு வருஷப் பழக்கம். நான் வாய் திறப்பதற்குள் சாக்கை வாளியில் உதறி, தரையைக் கூட்டி, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி, கொல்லையில் வாழைக்குழியில் ஊற்றிவிட்டார். காலி வாளியோடு திரும்பி வந்து, எங்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. இன்னொரு ஊசிக்கு மதுரைக்குத்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை கிடையாது. மறுநாள் போய் வந்தால் ரயிலுக்கு முன் பழக நேரமிருக்காது.

"அளுவாதலே" என்றார் பதனம். வீட்டுக்குப் போய்ச் சல்லடையோடு வந்தார். மருந்து சலிக்கிற மெல்லிய துணிச் சல்லடை. வாழைக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். ஒரு பிடி சேறு, ஒரு செம்புத் தண்ணீர், ஒரு சலிப்பு. அங்கேயும் நாலு பேருக்கு மேல் விடவில்லை. சங்கு ஊதியது. "அண்ணாச்சி, கேட்ட மூடிருவாகளே" என்றார் அப்பா. பதனம் அடுத்த பிடிச் சேற்றை அள்ளினார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது சல்லடையில் ஒரு சின்ன மினுக்கு. இடுக்கியால் எடுத்து, கழுவி, துடைத்து, அதே நடுங்காத கையால் பொருத்தினார். அம்மாவிடமிருந்து ஃபியூஸ் கட்டை திரும்பி வந்தது. ரிக்கார்டு சுற்றியது. வெள்ளைக்காரர் சளி நீங்கி, கணீரென்று ஒரு வாக்கியம் பேசினார்.

"என்ன சொல்லுதாக?"

"வாங்க, உக்காருங்கன்னு சொல்றார் பெரியப்பா."

காலையிலிருந்து கால் மாற்றி மாற்றிக் குழியில் குந்தியிருந்த மனிதர், தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சேற்றுக் காலோடு பிளேயருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒன்னயும் அங்கன இப்பிடி உக்காரச் சொல்லுவாகளா?"

"சொல்லுவாக பெரியப்பா."

சொன்னார்கள். உட்கார்ந்தேன். சீறாமல் பேசினேன். வேலையும் கிடைத்தது.

தீபாவளியன்று வேலை ஆர்டர் நெஞ்சில் குத்துகிற மாதிரி சட்டைப்பையில் இருக்க, பதனத்தைப் பார்க்கப் போனேன். தெருவில் கம்பெனி ஆட்கள் எல்லோரும் புதுக் கோடி வேட்டி. அவர் மட்டும் துவைத்த பழசு கட்டி, பிள்ளைகள் மத்தாப்பு கொளுத்தும் இடத்தில் மணல் வாளியோடு காவல் நின்றார். அவருக்கு ஏன் இல்லை என்று அப்பாவிடம் கேட்டேன். சீசன் முழுக்க ஒரு நாளும் விடாமல் வந்தவர்களுக்கு மட்டும்தான் கம்பெனி வேட்டியும் இனாம் பணமும் கொடுக்கும் என்றார். பதினெட்டு வருஷத்தில் பதனம் விட்டது அந்த ஒரு நாள்.

மூன்று ரூபாய் ஊசி அது. அவர் அதற்குக் கொடுத்தது இருபத்தைந்து ரூபாயும் ஒரு எட்டு முழ வேட்டியும்.